படம் வேண்டாம், எழுத்து மட்டும்

கண்டி நகரத்தில் ஓர் அச்சகத்துக்குப் பல ஆண்டுகளாகத் தமிழ் பார்த்துக் கொடுத்து வந்தேன். என் உத்தியோகம் அதுவல்ல. அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். அச்சக வேலை, பகல் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசியிலேயே செய்து முடிக்கிற வேலை. எங்கள் நாட்டில் கடைப் பெயர்ப்பலகையிலிருந்து சந்தியில் கட்டும் பிளெக்ஸ் வரை மூன்று மொழிகள் வேண்டும். தமிழ் தெரியாதவர்கள் கணினியில் தமிழை எடுத்து ஒட்டும்போது கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் போய்விடும். அதைச் சரி பார்க்கவும், சிங்களத்தில் இருப்பதைத் தமிழில் எழுதிக் கொடுக்கவும் ஒருவர் தேவை. அந்த ஒருவர் நான்.

அச்சகத்தை நடத்துகிறவர் என் வயதுடைய சிங்களப் பெண்மணி. மாத்தளை வீதிக் கடைக்காரர்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். விளம்பரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடம் கற்றதுதான். மெத்தை விளம்பரத்தில் ஒரு பெண் படுத்திருப்பாள், அதைக்கூட விளங்கிக்கொள்ளலாம். கார் பற்றரிக்குப் பக்கத்திலும் ஒரு பெண் நிற்பாள். தண்ணீர்த் தாங்கியின் மேல் சாய்ந்துகொண்டு ஒருத்தி, பெயின்ட் வாளியைக் கட்டிக்கொண்டு ஒருத்தி. ஒருமுறை கூரைத் தகட்டு விளம்பரம் ஒன்றில் சேலையோடு ஒரு பெண் மழையில் நனைந்துகொண்டிருந்தாள்.

"இந்தத் தகட்டை வாங்கினா இவ நனைய மாட்டாளே மெடம்," என்றேன்.

"நனையாட்டி யாரு சேர் நின்னு பாக்குறது?" என்று அவர் சொன்னார். இருவரும் சிரித்தோம்.

அந்தப் படங்கள் எனக்குப் பிடிக்காமல் இருந்தன என்று இப்போது சொன்னால் அது பொய். பார்ப்பேன், திருத்துவேன், மறந்துவிடுவேன். ஒருநாள் அலுவலகத்தில் என் மேசைக்கு முன்னால் காணி உறுதிப் பத்திரத்தோடு ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தபோது, மேசைமேல் இருந்த என் தொலைபேசி ஒளிர்ந்தது. அச்சகம் அனுப்பிய மெத்தை விளம்பரம். திரை முழுக்க ஒரு பெண். தாய் உறுதியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். மகள் குனியவில்லை, என்னைப் பார்த்தாள். நான் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அன்று பின்னேரமே அச்சகத்துக்குச் சொல்லிவிட்டேன்: "இனி படம் வேண்டாம் மெடம். எழுத்து மட்டும் அனுப்புங்க. எனக்கு எழுத்து போதும்."

அதிலிருந்து வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துகள் மட்டும் வந்தன. வசதியாக இருந்தது. வீட்டில் என் தொலைபேசியை யார் எடுத்துப் பார்த்தாலும் கவலையில்லை. படத்தைப் பார்க்காமல் எழுதுவதில் இன்னொரு வசதியும் இருந்தது, அது அப்போது எனக்குத் தெரியவில்லை. யாருக்குப் பக்கத்தில் என் எழுத்து நிற்கப்போகிறது என்று யோசிக்க வேண்டியதில்லை.

சென்ற ஆண்டுக் கடைசியில், குளிர் தொடங்கிய நாட்களில், குளியலறைக்கான சுடுநீர் இயந்திரம் ஒன்றின் விளம்பரம் வந்தது. சிங்களத்தில் 'ஒரு நிமிடத்தில் சுடுநீர்' என்று இருந்தது. அதையே தமிழில் அனுப்பினேன். சிறிது நேரத்தில் அழைப்பு வந்தது.

"கம்பனிக்கு இது காணாதாம் சேர். தமிழ் ஆக்களுக்குக் கொஞ்சம் ஜாலியா, கொஞ்சம் ஆசை வர்ற மாதிரி கேக்குறாங்க."

"சிங்களத்துல அப்படி இல்லையே."

"சிங்களத்த மாத்த ஏலாதாம், அது தலைமைக் கந்தோர்ல பாஸ் பண்ணினது. தமிழ யாரும் பாக்குறதில்லையே. சேர் விருப்பம் போல எழுதுங்க."

சோற்றுப் பார்சல் சுற்றி வந்த தாளின் ஓரத்தில் ஐந்து நிமிடத்தில் எழுதினேன். 'அவள் காத்திருக்கிறாள். சுடுநீரும் காத்திருக்கிறது.' எழுதிவிட்டு எனக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. முப்பது ஆண்டுகளாகச் சுற்றறிக்கைகளையும் படிவங்களையும் மொழிபெயர்க்கிறவனுக்கு, தன் சொந்த வரி என்று ஒன்று தெருவில் தொங்கப்போவது சின்ன சந்தோஷம் அல்ல. அன்று கை கழுவும்போதுகூட அந்த வரியை முணுமுணுத்தேன்.

மூன்று பலகைகளுக்குத்தான் தமிழ் வரி. அக்குறணையில் ஒன்று, கட்டுகஸ்தோட்டையில் ஒன்று, வத்தேகமவில் ஒன்று.

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டைக்கும் அக்குறணைக்கும் நடுவில், வீதியிலிருந்து கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. ஒரு திங்கட்கிழமை காலை வழக்கம்போல் கண்டி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குச் சற்று முன் நெரிசலில் பஸ் நின்றது. எனக்குப் பின் ஆசனத்தில் இரண்டு ஆண்கள். முப்பது வயது இருக்கும். கையில் சாப்பாட்டுப் பை.

"மேல பாரு மச்சான்."

"எங்க?"

"ஹாட்வெயார் கடைக்கு மேல. நம்மளத்தான் பாக்குது."

"என்ன எழுதியிருக்கு? கண்ணாடி போடல, வாசி."

"அவள் காத்திருக்கிறாள்..."

"காலங்காத்தாலயேவா? இந்த பஸ் போற போக்குக்கு நாம போய்ச் சேர்றதுக்குள்ள அவ கெழவியாயிருவா."

அவர்கள் சிரித்தார்கள். நானும் புன்னகைத்தேன். என் வரி வேலை செய்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் தலையை உயர்த்திப் பார்த்தேன்.

வெள்ளைக் குளியல் அங்கி அணிந்த பெண். தலையில் ஈரத்துண்டு சுற்றியிருந்தது. முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள். அங்கி ஒரு தோளிலிருந்து ஒரு சாண் இறங்கியிருந்தது. அவ்வளவுதான், அதைவிட மோசமான படங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். இடது காதில் இரண்டு தோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. அந்த இரண்டாவது துளையைக் குத்தக் கூடாது என்று நான் மூன்று நாட்கள் சண்டை போட்டிருக்கிறேன். அவள் அதையும் மீறிக் குத்திக்கொண்டு வந்து சோற்றுக்கு உட்கார்ந்தாள்.

காதைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். என் மகள்.

பின்னால் இருந்தவர்கள் இன்னும் ஏதோ பேசினார்கள். எனக்கு அது வார்த்தையாகக் கேட்கவில்லை. திரும்பி ஏதாவது சொல்லியிருக்கலாம். பஸ் நகர்ந்தது. அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்தேன். அன்று காலை மொழிபெயர்த்த கடிதத்தை மறுநாள் வேறொருவர் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது.

என் மகளுக்கு இருபத்திரண்டு வயது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு முன்பள்ளியில் ஆசிரியை. இரண்டு ஆண்டுகள் உதவி ஆசிரியையாக இருந்து, பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்தி, சப்பாத்து மாட்டிவிட்டு, இந்த ஆண்டுதான் அவளுக்கென்று ஒரு வகுப்பைக் கொடுத்திருந்தார்கள். அந்த முன்பள்ளிக்குப் போகிற வழியில் அந்தக் கடையைத் தாண்டாமல் போக முடியாது.

பகல் அச்சகத்துக்கு நடந்தேன். மெடம் கணினிக்கு முன் இருந்தார்.

"சுடுதண்ணி போர்டுல இருக்குற பிள்ளை," என்றேன். "அது என் மகள்."

அவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "அனே, சேர்," என்று பதறினார். கதிரையை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு, தானும் உட்கார்ந்தார். "மகள நான் சின்னதுல ஒருதரம் பாத்தது. எனக்கு எப்படி விளங்கும்?"

படம் கண்டியில் ஒரு ஸ்டுடியோவிலிருந்து வந்தது. ஸ்டுடியோக்காரர் கம்பனிக்கு விற்றிருக்கிறார். கூடவே மகள் கையெழுத்திட்ட ஒரு தாளும் வந்திருந்தது. மெடம் அதைத் தேடி எடுத்துக் காட்டினார். அவளுடைய கையெழுத்துத்தான். பிரசாரத் தேவைகளுக்குப் பயன்படுத்தலாம் என்று சிங்களத்தில் அச்சிட்ட ஒரு வரி.

"கம்பனிக்குச் சொல்றேன் சேர். ஆனா படத்துக்கு அவங்க சல்லி குடுத்து, தாளும் இருக்கு. லேசா எடுக்க மாட்டாங்க." கொஞ்சம் யோசித்தார். "முழு டிசைனையும் சேருக்கு அனுப்பியிருந்தா அன்னைக்கே பிடிச்சிருப்பீங்க. நீங்க தானே சொன்னது, படம் வேணாம்னு."

குற்றம் சுமத்துகிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள். ஆனாலும் அது என் காதை விட்டுப் போகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றார். மகள் மத்தியானமே வந்து அறைக்குள் போய்விட்டாளாம். என் அக்கா மடுல்கெல்லயில் இருக்கிறார், நாங்கள் பிறந்த தோட்டத்தில். வத்தேகமவுக்குச் சாமான் வாங்க வந்த இடத்தில் பலகையைப் பார்த்துவிட்டு உடனே அழைத்திருக்கிறார்.

"என்ன சொன்னாங்க?"

"'நம்ம புள்ளையாட்டமே ஒருத்தி போர்டுல நிக்கிறா. கூட வந்தவளுக அது உன் தம்பி மகதான்னு சொல்றாளுக. போங்கடி, எங்க புள்ள அப்படி நிக்க மாட்டான்னு சொல்லிட்டேன்' அப்படின்னாங்க. நான் என்னத்தச் சொல்றது? ஆமாங்க அண்ணின்னு போன வச்சிட்டேன்."

விஷயம் இதுதான். மகளோடு படித்த தோழி ஒருத்தி அழகுக்கலை டிப்ளோமா செய்கிறாள். பரீட்சைக்குக் கூந்தல் பராமரிப்பு பற்றிப் படங்களோடு ஒரு கோப்பு கொடுக்க வேண்டும். அதற்கு மகள் போய் நின்றிருக்கிறாள். தலைக்கு எண்ணெய் வைப்பது, முழுகுவது, துண்டு கட்டுவது, உலர்த்துவது என்று முப்பது படங்கள். ஸ்டுடியோவில் ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். தோழியின் முகநூல் பக்கத்தில் போடுவதற்குத்தான் என்று நினைத்துக் கையெழுத்திட்டுவிட்டாள். முப்பது படங்களில் ஒன்று, துண்டு கட்டி முடித்துத் தோழி கூப்பிட்டபோது திரும்பியது.

"வாசிக்காம கையெழுத்து வைப்பாளா ஒருத்தி?" என்றார் மனைவி. "அந்த ஸ்டுடியோக்காரன சும்மா விடக் கூடாதுங்க. துண்டோட நிக்குற படத்த வித்திருக்கான். நாளைக்கு ஒரு எடத்துல இருந்து பொண்ணு பாக்க வந்தா?"

"போர்ட எடுத்துருவோம்," என்றேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். பலகைகளை இறக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

செவ்வாய்க்கிழமை மகள் முன்பள்ளிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினாள். புதன்கிழமையும் போகவில்லை. மூன்று நாட்களுக்கு மேல் வராவிட்டால் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று மனைவி சொன்னார். அறைக் கதவு பூட்டியிருக்கவில்லை. ஆனால் உள்ளே போய்ப் பேச எனக்குத் துணிவு வரவில்லை. கூப்பிட்டால் சாப்பிட வந்தாள், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

புதன் பகல் அரை நாள் லீவு எடுத்து அக்குறணைக்குப் போனேன். கடையைக் கண்டுபிடிக்க நேரம் எடுக்கவில்லை. முகப்பில் என் வரி தொங்கியது. வரி மட்டும். 'அவள் காத்திருக்கிறாள். சுடுநீரும் காத்திருக்கிறது.' கீழே இயந்திரத்தின் படம், தொலைபேசி இலக்கம். அவள் இருந்திருக்க வேண்டிய பக்கம் நேராக வெட்டப்பட்டிருந்தது.

கடைக்காரர் வெள்ளைத் தொப்பி அணிந்த பெரிய மனிதர். குழாய் வாங்க வந்தவன் என்று நினைத்து வரவேற்றார்.

"போர்டைப் பற்றிக் கேக்க வந்தேன். படத்த வெட்டிட்டீங்க போல."

"ஓ, நான்தான் வெட்டின. தகடு வெட்டுற கத்தரி ஈக்கி தானே." இருக்கு என்பதை அந்த ஊர் வழக்கில் 'ஈக்கி' என்று சொல்லிச் சிரித்தார். "இங்க அத தொங்கவிட ஏலா சேர். ஜும்ஆத் தொழுகைக்குப் போற ஆக்கள் எல்லாம் இந்த வழியாத்தான் போற. கம்பனிக்காரன் வந்து கட்டிட்டுப் போன, நான் அவன் தல மறைய முந்தி வெட்டின."

"எழுத்து?"

"எழுத்துல என்ன ஈக்கி? எழுத்த யாரு குற்றம் சொல்ற? நல்லா எழுதீக்கி. ரெண்டு மூணு பேர் நின்னு வாசிச்சிட்டு உள்ளுக்கு வந்து வெலையும் கேட்ட. எழுதின ஆள் கெட்டிக்காரன்."

சொல்லப்போனால், அந்த நிலையிலும் எங்கோ ஒரு மூலையில் அந்தப் பாராட்டு இனித்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அது உண்மை.

"வெட்டின துண்டு எங்க?" என்று கேட்டேன்.

கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். சீமெந்து மூட்டைகளை அந்தத் துண்டால் மழைக்கு மூடியிருந்தார்கள். பிளெக்ஸின் வெள்ளை முதுகு மேலே இருந்தது; படம் கீழே, மூட்டைகளைப் பார்த்தபடி. காற்றுக்குப் பறக்காமல் நான்கு மூலைகளிலும் கல் வைத்திருந்தார்கள்.

"இத நான் எடுத்துக்கலாமா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். வியாபாரம் செய்கிறவர்கள் முகம் பார்த்துப் பழகியவர்கள். சிரிப்பு போய்விட்டது. "மகளா?" என்றார், மெதுவாக.

தலையசைத்தேன்.

கற்களைத் தானே தூக்கி வைத்தார். பிளெக்ஸைத் திருப்பாமல், படம் உள்ளே போகும்படி பாய்போலச் சுருட்டினார். பழைய பத்திரிகை இரண்டு தாள் கொண்டுவந்து மேலே சுற்றிக் கயிறு கட்டினார். முகப்புக்கு வந்ததும் மேலே கையைக் காட்டி, "இதையும் கழட்டவா சேர்?" என்று கேட்டார்.

"அது இருக்கட்டும்," என்றேன். "படம்தான் பிரச்சினை."

பஸ்ஸில் அந்தச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நடத்துநர் அதை மேலே சாமான் வைக்கிற இடத்தில் போடச் சொன்னார். மாட்டேன் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது மழை தொடங்கியிருந்தது. மகள் குசினி மேசையில் உட்கார்ந்து பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தாள். நான் சுருளை மேசையில் வைத்தேன். ஒன்றை மீட்டுக்கொண்டு வந்துவிட்டேன் என்ற நினைப்பு எனக்கு.

"என்னப்பா இது?"

"அக்குறணையில இருந்தது. இன்னும் ரெண்டுதான். அதையும் எடுத்துருவோம்."

கயிற்றை அவிழ்த்தாள். மேசையில் முழுதாக விரிக்க இடம் போதவில்லை. முகமும் தோளும் மட்டும் தெரிந்தன. அங்கே சீமெந்துத் தூள் ஒட்டியிருந்தது. உள்ளங்கையால் துடைத்தாள். மனைவி, "அத ஏன்டி விரிக்கிற, சுருட்டி வை," என்றார். அவள் கேட்கவில்லை. தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

"என்னடி நல்லாருக்கு?"

"படம்மா. தலைக்கு முழுகிட்டு வந்தா நான் இப்படித்தான் இருக்கேன். தினமும் நீங்க பாக்குறதுதானே. கேக்காம வித்தது தப்பு, வாசிக்காம கையெழுத்து வச்சது என் தப்பு. அதுக்கு ஒரு நாள் அழுதுட்டேன், போதும்." பாணை எடுத்துக் கடித்தாள். "இதுக்காக நான் வேலைக்குப் போகாம இருக்கல."

"அப்புறம்?"

"படத்துக்குப் பக்கத்துல எழுதியிருக்குற வரி. திங்கக்கிழமை புள்ளைய விட வந்த ஒரு அப்பா, ஸ்கூல் கேட் பக்கத்துல நின்னு, 'டீச்சர், யாருக்குக் காத்திருக்கீங்க?'ன்னு கேட்டாரு. கைல புள்ள. நாலு வயசுப் புள்ள. பக்கத்துல நின்ன இன்னொரு அப்பா சிரிச்சாரு. மத்தியானம் ஆட்டோ ஸ்டேண்டுல ஒருத்தன், 'காத்திருங்க, வாறோம்'னான். படத்தப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. எல்லாரும் அந்த வரியத்தான் சொல்றாங்க. நான் சும்மா திரும்பிப் பாத்தேன், அவ்வளவுதான். நான் யாருக்கும் காத்துக்கிட்டு இல்லப்பா. எவனோ ஒருத்தன் எழுதிட்டான், இப்ப நான் காத்திருக்குறவளாயிட்டேன்."

மனைவி என்னைப் பார்த்தார். அச்சகத்துக்கு நான் தமிழ் பார்ப்பது அவருக்குத் தெரியும். ஆனால் எதை எழுதுகிறேன் என்று சொல்வதில்லை. சொல்லாமல் இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. மெடம் சொல்ல மாட்டார். அக்குறணைக்காரருக்குத் தெரியாது. வரியில் பெயர் இல்லை. பலகைகளை இறக்கிவிட்டு, எவனோ ஒருவனைத் திட்டிவிட்டு, என் மகளின் அப்பாவாக அந்த மேசையிலேயே இருந்துவிடலாம். அந்த யோசனை ஒரு வாய்த் தேநீர் குடிக்கிற நேரம் எனக்குள் இருந்தது. அதற்கு மேல் அதை வைத்திருக்க முடியாமல் போனதற்குக் காரணம் என் நேர்மை இல்லை. அவள் என்னிடம்தான் கேட்டாள்.

"உங்களுக்குத்தான் அச்சகத்துல ஆள் தெரியுமே. யாருன்னு கேட்டுச் சொல்லுங்கப்பா. முகத்தப் பாக்கணும்."

"நான்தான்," என்றேன்.

அவளுக்கு உடனே விளங்கவில்லை. "என்ன நீங்கதான்?"

"அந்த வரி. நான்தான் எழுதினேன்."

மழை தகரத்தில் பலமாக விழுந்துகொண்டிருந்தது. மனைவி அடுப்பைக் குறைத்தார். மகள் பாணைத் தட்டில் வைத்தாள்.

"படத்தப் பாத்துட்டா எழுதினீங்க?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல. படமே பாக்கல. எழுத்து மட்டும்தான் எனக்கு அனுப்புவாங்க. நான்தான் அப்படிக் கேட்டுக்கிட்டேன்."

"ஏன்?"

ஆபீசில் தொலைபேசி ஒளிர்ந்ததைச் சொன்னேன். அந்தத் தாயையும் மகளையும் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது.

"அப்ப யார நெனச்சு எழுதினீங்க?"

"யாரையும் இல்ல. சும்மா ஒரு வரி. கம்பனி கேட்டாங்க."

"யாராச்சும் ஒருத்தி நிப்பான்னு தெரியும்ல? படத்துல?"

"தெரியும்."

"அவளுக்கு ஒரு அப்பா இருப்பாருன்னு நான் சொல்ல வரல," என்றாள். குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "அப்பா இல்லாட்டியும் அவ காத்திருக்க வேண்டாம்."

பிளெக்ஸைத் திரும்பச் சுருட்டி, கயிறு கட்டி, தன் அறைக்கு எடுத்துப் போனாள். மனைவி அன்று என்னோடு பேசவில்லை. மறுநாளும் இல்லை.

வியாழன் காலை நான் எழும்பியபோது மகள் உடுத்தித் தயாராக இருந்தாள். முன்பள்ளிக்கா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். நானும் வரவா என்றதற்கு வேண்டாம் என்றாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, "போர்ட இறக்க வேண்டாம். அந்த வரிய மட்டும் எடுக்கச் சொல்லுங்க," என்றாள். "படத்த எடுத்தா, நான் ஏதோ தப்புப் பண்ணி ஒளிச்சு வச்ச மாதிரி ஆயிரும்."

எனக்கு அது சம்மதமில்லை. இப்போதும் முழுச் சம்மதம் இல்லை. தகப்பனாக எனக்கு அந்தப் படம் தெருவில் இருப்பது ஒவ்வொரு நாளும் வலிக்கிறது. ஆனால் அதைச் சொல்கிற உரிமையை நான் ஒரு சோற்றுப் பார்சல் தாளின் ஓரத்திலேயே தொலைத்துவிட்டேன்.

அச்சகத்துக்குப் போனேன். படத்தை இறக்க மாட்டோம் என்று பிடிவாதமாக இருந்த கம்பனி, வரியை மாற்றச் சொன்னதும் ஒரே அழைப்பில் சரி என்றது. தமிழ் வரியைப் பற்றி அவர்களுக்கு எந்தக் கவலையும் இல்லை. மெடம், "சேரே எழுதுங்க," என்றார். சிங்களத்தில் இருந்ததை அப்படியே எழுதினேன். ஒரு நிமிடத்தில் சுடுநீர். அதற்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது. ஒவ்வொரு சொல்லையும் அவளுடைய தோளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முழு டிசைனையும் அனுப்பச் சொல்லி, வீட்டில் மேசையில் வைத்து அவளிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "ம்," என்றாள்.

அக்குறணைக் கடைக்காரருக்கு அழைத்து, எழுத்தையும் கழற்றிவிடும்படி கேட்டேன். "எழுத்தையா?" என்று ஆச்சரியப்பட்டார். ஏன் என்று நான் சொன்னேன். "நானும் நாலு பேருக்கு வாசிச்சுக் காட்டின சேர்," என்றார் பிறகு. அன்றே கழற்றிவிட்டதாக மறுநாள் தகவல் அனுப்பினார்.

வத்தேகமவில் ஒட்டி முடித்துவிட்டு, கட்டுகஸ்தோட்டைப் பலகையில் புது வரி அச்சிட்ட பட்டியை ஒட்ட ஞாயிறு காலை வேலையாள் வந்தார். நான் போகப் புறப்பட்டபோது மகளும் செருப்பை மாட்டினாள். கடை பூட்டியிருந்தது, வீதியில் கூட்டம் குறைவு. வேலையாள் என் வயதுக்காரர், சிங்களவர். ஏணியைச் சாத்தி ஏறி, பழைய வரியின் மேல் புதுப் பட்டியை ஓர் ஓரத்திலிருந்து ஒட்டத் தொடங்கினார். 'அவள்' மறைந்தது. நடுவில் காற்றுக் குமிழ் வந்தது. உரித்து, துணியால் அழுத்தி, திரும்ப ஒட்டினார். 'காத்திருக்கிறாள்' முழுதாக மறைய நேரம் எடுத்தது. அது நீளமான சொல்.

பாதியில் பலகையைப் பார்த்தார், கீழே நின்ற மகளைப் பார்த்தார், திரும்பவும் பலகையைப் பார்த்தார்.

"துவ தானே?" என்று சிங்களத்தில் கேட்டார். துவ என்றால் மகள்; தன் மகளை அழைப்பதுபோலத்தான் அழைத்தார்.

"ஆமா, நான்தான்," என்றாள் அவளும் சிங்களத்தில். நான் பயந்ததுபோல் குரல் தயங்கவில்லை.

அவர் தலையை ஆட்டிவிட்டு என்னைக் காட்டி, "இவர்?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான்கு நாட்களில் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"அப்பா," என்றாள். பிறகு, "இவர்தான் தமிழ் எழுதுறவர்," என்றும் சொன்னாள்.

அவர் மேலே இருந்தபடி, எழுத்து நேராக இருக்கிறதா பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார். நான் வீதியின் மறுபக்கத்துக்குக் கடந்து போய் நின்று பார்த்தேன். எழுத்து, அவள், கடை, கீழே நிற்கிற அவள், எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. வலப் பக்கம் ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தது. கையை உயர்த்திக் காட்டினேன்.